விமானம் ஏறும் கேட்டில் இன்னொரு சோதனை: குமரி எல்லையிலிருந்து வெளிநாடு செல்வோருக்கு முழுமையான வழிகாட்டி

எமிகிரேஷன் முத்திரை விழுந்துவிட்டது, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினரின் சோதனையும் முடிந்துவிட்டது, இனி ஏறி உட்கார வேண்டியதுதான் என்ற நிம்மதியோடு கேட்டை நோக்கி நடக்கும்போது, அங்கே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, கையுறை மாட்டிய இருவர் நின்று, பையைத் திறக்கச் சொன்னால் யாருக்கும் நெஞ்சு ஒரு கணம் திக்கென்றுதான் ஆகும். முதல் முறையாக மகளையோ மகனையோ பார்க்கப் புறப்படும் வயதானவர்கள் அந்த இடத்தில் கலங்கிப்போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மார்த்தாண்டத்தில் வெளிநாட்டுப் பயணச்சீட்டு எடுத்துக்கொடுக்கும் தொழிலில் பதினாறு ஆண்டுகளாக இருக்கிறேன். எங்கள் பகுதி மக்களுக்கு மதுரையையும் சென்னையையும் விட அருகில் இருப்பது திருவனந்தபுரம் விமான நிலையம் என்பதால், அதை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

கேட்டில் நடக்கும் சோதனை பத்து நிமிடத்தில் முடியுமா, ஒரு மணி நேரம் இழுக்குமா என்பது பெரும்பாலும் வீட்டிலேயே தீர்மானமாகிவிடுகிறது. பயணச்சீட்டில் பெயரை எப்படி எழுதினீர்கள், பையில் எதை வைத்தீர்கள், யார் கொடுத்ததை வாங்கி வைத்தீர்கள் என்பவைதான் அங்கே கேள்வியாக எழும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் வீட்டில் செய்ய வேண்டியவற்றைப் பற்றியே இருக்கும்.

இது எந்தச் சோதனை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கேட்டில் நடப்பது எல்லா இடத்திலும் ஒரே சோதனை அன்று. நம் நாட்டில் இதற்கு லேடர் பாயிண்ட் செக் என்று பெயர். விமானத்தின் ஏணிப்படிக்கு அருகில் நடத்தப்பட்டதால் அந்தப் பெயர் நிலைத்தது. படையினர் நடத்தும் முதல் சோதனைக்குப் பிறகு, விமான நிறுவனத்தின் பாதுகாப்பு ஊழியர்களே பயணியையும் கைப்பையையும் மறுபடி பார்ப்பார்கள். சுதந்திர தினம், குடியரசு தினம் ஆகியவற்றையொட்டியும், எச்சரிக்கை விடுக்கப்படும் காலங்களிலும் இது கடுமையாகும். 2025 மே மாதத்தில் எல்லையில் மோதல் நடந்தபோது, நாட்டின் எல்லா விமான நிலையங்களிலும் எல்லாப் பயணிகளுக்கும் இந்த இரண்டாம் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. மூன்று மணி நேரம் முன்னதாக வரும்படி விமான நிறுவனங்கள் அறிவித்ததும், புறப்பாட்டுக்கு 75 நிமிடத்துக்கு முன்பே செக்-இன் மூடப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

இரண்டாவது வகை அமெரிக்கா செல்லும் விமானங்களுக்கானது. அந்த நாட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வகுத்த விதிகளின்படி, அமெரிக்காவுக்குக் கடைசியாகப் புறப்படும் வெளிநாட்டு நிலையத்தில் விமான நிறுவனம் இதை நடத்துகிறது. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் வழியாகவோ தோஹா வழியாகவோ செல்பவர்களுக்கு இது அங்கேதான் நடக்கும். 2017-ஆம் ஆண்டில் இந்த விதிகள் மிகவும் இறுகின: மார்ச் மாதத்தில் மேற்காசிய, வட ஆப்பிரிக்க நகரங்களின் பத்து விமான நிலையங்களிலிருந்து புறப்படும் விமானங்களில், கைபேசியை விடப் பெரிய மின்சாதனங்களைக் கைப்பையில் கொண்டுபோகத் தடை வந்தது, அது சில மாதங்களில் விலக்கப்பட்டாலும், அதற்கு ஈடாக, அக்டோபர் இறுதியிலிருந்து அமெரிக்கா செல்லும் பயணிகளிடம் நேரில் கேள்வி கேட்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

மூன்றாவது அபுதாபி வழி. அங்கே அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகளே உட்கார்ந்திருக்கிறார்கள். 2014-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டின்படி, பாதுகாப்புச் சோதனையும் அமெரிக்கக் குடிவரவுச் சோதனையும் அபுதாபியிலேயே முடிந்துவிடும். அமெரிக்காவில் இறங்கும்போது உள்நாட்டுப் பயணியைப்போல நேராக வெளியே போகலாம். வயதானவர்களுக்கு இது வசதி என்பது என் கருத்து. ஆனால் அங்கே மாறும் நேரம் குறைந்தது மூன்று மணி நேரமாவது இருக்கும்படி பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.

நிலையத்தின் சோதனையே போதாதா, இன்னொன்று எதற்கு என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1986 ஏப்ரல் 17 அன்று லண்டன் ஹீத்ரோ நிலையத்தில், கர்ப்பிணியான அயர்லாந்துப் பெண் ஒருவர் இஸ்ரேல் விமானத்தில் ஏற வந்தார். நிலையத்தின் வழக்கமான சோதனையை அவருடைய பை தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு, விமான நிறுவனத்தின் ஊழியர்கள் தாங்களாகவே நடத்திய கேள்வியிலும் சோதனையிலும்தான், பையின் அடித்தட்டுக்குக் கீழே சுமார் ஒன்றரைக் கிலோ வெடிபொருள் மறைத்து வைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. அந்தப் பையைக் கொடுத்தவன் அவரை மணந்துகொள்வதாகச் சொல்லியிருந்தவன். அந்தப் பெண்ணுக்கு எதுவுமே தெரியாது. விமானத்தில் 375 பேர் பயணம் செய்ய இருந்தார்கள். இந்தப் பையை அடுக்கியது யார், வேறு யாராவது எதையாவது கொடுத்தார்களா என்று இன்று நம்மிடம் கேட்கும் கேள்வியின் பொருள் இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே அடங்கியிருக்கிறது.

முதல் படி: பயணச்சீட்டில் பெயர்

அமெரிக்கா செல்லும் ஒவ்வொரு பயணியின் முழுப் பெயர், பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றும் விமானம் புறப்படுவதற்கு முன்பே அந்நாட்டுக் கண்காணிப்புப் பட்டியலோடு ஒப்பிடப்படுகின்றன. ஒரே பெயர் பலருக்கு வழங்கும் ஊர்கள் நம்முடையவை. ஒரே ஞானஸ்நானப் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ தாங்கியவர்கள் ஒரு தெருவிலேயே நான்கு பேர் இருப்பார்கள். அதனால் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை ஓர் எழுத்தும் குறையாமல் பயணச்சீட்டிலும் கொடுக்க வேண்டும். தந்தை பெயர் பாஸ்போர்ட்டில் விரிவாக இருக்க, பயணச்சீட்டில் தலைப்பெழுத்தை மட்டும் போடுவது நாங்கள் அடிக்கடி திருத்த வேண்டியிருக்கும் பிழை.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்ப் பகுதி காலியாக இருப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். அமெரிக்க விசாவில் இவர்களுடைய பெயர் குடும்பப் பெயரின் இடத்துக்குப் போய், முதற்பெயரின் இடத்தில் எஃப்.என்.யு. என்ற மூன்று எழுத்துகள் அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பது அதன் பொருள். பயணச்சீட்டும் விசாவும் இதில் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகமும் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு வருகை விசாவில் வருவோரை ஏற்க மறுத்தது; பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பின்னர் விளக்கம் அளித்தது. புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு பகுதிகளையும் நிரப்பியே விண்ணப்பியுங்கள்.

இரண்டாம் படி: பையை நீங்களே அடுக்குங்கள்

எங்கள் ஊரில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்று தெரிந்தால் போதும், முந்தின நாள் மாலையே அக்கம்பக்கத்தார் பொதிகளோடு வந்துவிடுவார்கள். இன்னார் மகனுக்கு ஒரு கிலோ சிப்ஸ், இன்னார் மருமகனுக்கு ஊறுகாய், யாரோ ஒருவருக்கு மருந்து. அந்த அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைக்கு ஊர் ருசி போய்ச் சேருவது இப்படித்தான். ஆனால் ஒட்டுப்போட்டு மூடிய பொதியை அப்படியே வாங்கி வைக்காதீர்கள். கொடுப்பவர் எதிரிலேயே பிரித்துப் பார்த்து, தெரிந்த பொருள்தான் என்று உறுதி செய்து, நீங்களே மறுபடி கட்டுங்கள். வருத்தப்படுவார்களோ என்று தயங்கினால், கேட்டில் கேட்பார்கள் அத்தை, நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். மருந்துப் பொதியாக இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கவே கூடாது. நம் ஊர்க் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சில வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். கசகசாவும் அப்படித்தான்: அமீரகத்திலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் அதற்குத் தடை உண்டு. குருமாப் பொடியில் கசகசா அரைத்துச் சேர்த்திருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொடிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீட்டுப் பைகளில் அதிகம் இருப்பவை அவைதான். 2018 ஜூன் 30 முதல், அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்லும் விமானங்களில் பொடிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்க விதியில் அளவு 350 மில்லி லிட்டர், அதாவது ஒரு சிறிய குளிர்பான டின் கொள்ளும் அளவு. அதற்கு மேல் கைப்பையில் இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள். சந்தேகம் தீராவிட்டால் கேட்டிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். குழந்தைக்கான பால்பொடியும் மருத்துவத் தேவைக்கான பொடியும் இதற்கு விலக்கு. எனவே சாம்பார் பொடி, மிளகாய்ப் பொடி, இட்லிப் பொடி, வறுத்த அரிசி மாவு, சத்துமாவு ஆகிய எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள். கைப்பையில் ஒரு கரண்டிப் பொடிகூட வேண்டாம். வெள்ளைத் துணியில் முடிந்த விபூதியும் சந்தனப் பொடியும் இதே கணக்கில்தான் வரும்.

கெட்டியான இனிப்புகளும் சோதனையை நீட்டிக்கும். எக்ஸ்ரே திரையில் உணவு, துணி போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறமாகவும், உலோகங்கள் நீல நிறமாகவும், இரண்டுக்கும் நடுப்பட்டவை பச்சையாகவும் தெரியும். முந்திரிக்கொத்தையோ, சக்கை வரட்டியையோ, வாழைப்பழ அல்வாவையோ ஒரு கிலோ சேர்த்து அமுக்கி டப்பாவில் வைத்தால், திரையில் அடர்ந்த ஆரஞ்சுக் கட்டியாகத் தெரியும். சில வெடிபொருள்களும் ஏறத்தாழ அதே அடர்த்தியில்தான் தெரியும். அதனால்தான் பலகாரப் பையைத் திறக்கச் சொல்கிறார்கள். அதையும் பெரிய பெட்டியிலேயே வையுங்கள். கையில் கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால் சிறு சிறு பொட்டலமாகப் பிரித்து, மேலாக வையுங்கள்.

கொப்பரைத் தேங்காயை எந்தப் பையிலும் வைக்காதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள்களின் வகையில் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே வாழும் நமக்கு இது வியப்பாக இருந்தாலும், எண்ணெய் நிறைந்த கொப்பரையைக் குவித்து வைத்த கிடங்குக்குள் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வெப்பம் என்னவென்று தெரியும்.

பவர் பேங்க் பொடிகளுக்கு நேர்மாறு: அது கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் கூடாது. வரம்பு 100 வாட் மணி. பவர் பேங்கின் மேல் 20,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) என்று எழுதியிருந்தால் அது சுமார் 74 வாட் மணி ஆகும். அளவு எழுதிய எழுத்து அழிந்துபோன பவர் பேங்கை விட்டுவிட்டுப் போங்கள், பறிகொடுக்கவே நேரும். எமிரேட்ஸ் நிறுவனம் 2025 அக்டோபர் முதல் ஒருவருக்கு ஒன்று என்று கட்டுப்படுத்தி, விமானத்துக்குள் அதைப் பயன்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது. கைபேசியிலும் மடிக்கணினியிலும் மின்சக்தி இருக்கட்டும்; கேட்டில் அதை இயக்கிக் காட்டச் சொன்னால் இயங்க வேண்டும். 2014 முதல் அமெரிக்கா செல்லும் வழிகளில் இப்படிக் கேட்கும் வழக்கம் உண்டு. உயிர் போன பழைய கைபேசியைப் பேரனுக்கு விளையாடக் கொண்டுபோகிறேன் என்பவர்கள் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

திரவங்களின் விதி பலருக்கும் தெரியும்: ஒரு புட்டிக்கு 100 மில்லி லிட்டர், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் பையில் அடங்க வேண்டும். தைலமும் நெய்யும் ஊறுகாயும் திரவமே. இன்சுலின், குழந்தையின் பால் ஆகியவற்றை வேண்டிய அளவு கொண்டுபோகலாம். மருந்துக்கு மருத்துவரின் ஆங்கிலக் கடிதம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பை எங்கே கிடந்தது என்பதையும் பாருங்கள்

இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவை அமெரிக்காவில் இருக்கும் தங்கையிடம் அழைத்துப் போனேன். வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறும்போது, கேட்டில் அம்மாவின் பையைத் துணித்துண்டால் துடைத்தார்கள். ஒரு விரல் அகலமுள்ள வெள்ளைத் துணி. அதை ஒரு பிடியில் செருகி, முதலில் அம்மாவின் இரண்டு உள்ளங்கைகளிலும், பிறகு பையின் கைப்பிடியிலும், ஜிப்பின் நீளத்திலும், கடைசியில் சக்கரங்களிலும் மெதுவாகத் தேய்த்தார் ஊழியர். துணியை இயந்திரத்தின் வாய்க்குள் நீட்டினார். சில விநாடிகளில் திரை சிவந்தது. அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அந்த இயந்திரம் தேடுவது வெடிமருந்தின் மிக நுண்ணிய துகள்களை. நைட்ரேட் சேர்ந்த உரம், பட்டாசு மருந்து, கிளிசரின் கலந்த கைக்கிரீம் போன்றவையும் அதை ஏமாற்றிவிடும். எங்கள் வீட்டு மச்சில், வாழைக்குப் போட வாங்கிவைத்த உர மூட்டைகளின் மேல்தான் அந்தப் பை ஒரு வருடமாகக் கிடந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் விவசாயக் குடும்பம், பை உரத்தின் பக்கத்தில் இருந்தது என்று ஊழியரிடம் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, மேலதிகாரியை அழைத்து, பையில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்துத் தனித்தனியாகத் துடைத்துப் பார்த்தார். அம்மாவை ஒரு திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பெண் ஊழியர் சோதித்தார். அவர் நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரராம், ஒண்ணும் பேடிக்கண்டா அம்மே (ஒன்றும் பயப்பட வேண்டாம் அம்மா) என்று மலையாளத்தில் சொல்லித் தோளைத் தட்டிக்கொடுத்தாராம். நாற்பது நிமிடங்களில் முடிந்தது. கேட்டுக்கு முன்னதாகவே போயிருந்ததால்தான் விமானம் தவறவில்லை.

ஆகவே, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு பையின் உள்ளும் புறமும், முக்கியமாகக் கைப்பிடியும் சக்கரங்களும், ஈரத்துணியால் நன்றாகத் துடைக்கப்பட வேண்டும். தோட்டத்தில் உரம் போட்ட கையையும் செருப்பையும் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். தீபாவளி, கோயில் திருவிழா, கிறிஸ்துமஸ் நாட்களில் பட்டாசு வெடித்த உடையோடு அப்படியே விமானத்துக்குப் போகாதீர்கள். கைக்கிரீமைச் சோதனைக்குப் பிறகு பூசிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: வழியும் நேரமும்

நாகர்கோவிலிலிருந்து நிலையத்துக்குச் சுமார் 70 கிலோமீட்டர், மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். களியக்காவிளையைத் தாண்டிய பிறகு நெய்யாற்றின்கரையிலும் பாலராமபுரம் சந்திப்பிலும் பகலில் வண்டி நகராது. எங்கள் வழக்கம் இது: அதிகாலை நாலரை மணி விமானம் என்றால் இரவு பதினொன்றரைக்குள் மார்த்தாண்டத்தை விட்டுவிட வேண்டும், பகல் விமானத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். சர்வதேச முனையம் சாக்கைப் பக்கம் இருக்கிறது. உள்நாட்டு முனையமோ ஓடுபாதைக்கு மறுபுறம், சங்குமுகம் கடற்கரையை ஒட்டி. வாடகை வண்டி ஓட்டுநரிடம் ஏறும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

பங்குனி, ஐப்பசி மாதங்களில் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு நாளன்று, ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகத்துக்குப் போவதால் மாலையில் சுமார் ஐந்து மணி நேரம் விமானப் போக்குவரத்து நிறுத்தப்படும். திருவிதாங்கூர் காலத்திலிருந்து தொடரும் வழக்கம் அது. அன்றைக்குப் பயணம் என்றால் மாற்றிய நேரத்தையும், தோஹாவிலோ துபாயிலோ அடுத்த விமானத்துக்குள்ள இடைவெளியையும் பயண முகவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: கவுண்டரில் போர்டிங் பாஸைப் படியுங்கள்

அமெரிக்கப் பயணத்துக்கு இணையத்தில் செக்-இன் செய்ய முடியாமல், கவுண்டருக்கு வரும்படி செய்தி வந்தால், கூடுதல் சோதனைக்கு நீங்கள் தேர்வாகியிருக்கலாம். போர்டிங் பாஸில் ஆங்கில எஸ் எழுத்து நான்கு முறை சேர்ந்தாற்போல் அச்சாகியிருந்தால் அது உறுதி. இதைக் கண்டு பதற வேண்டாம். விசா ரத்தாகிவிட்டது என்றோ உங்கள் மேல் வழக்கு இருக்கிறது என்றோ இதற்குப் பொருள் இல்லை. கணினி குலுக்கல் முறையிலும் ஆட்களை எடுக்கும். பெயர் ஒற்றுமையாலும் வரும். தேர்வுக்கான காரணத்தை அமெரிக்க அரசு யாருக்கும் சொல்வதில்லை. கவுண்டர் ஊழியரோடு வாதாடிப் பயனில்லை, அவரால் அந்த எழுத்துகளை நீக்க முடியாது. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் வந்திருந்தால், மற்றவர்களின் பொருள்கள் அவர் பையில் கலந்திருக்கின்றனவா என்று பார்த்து, அந்த இடத்திலேயே பிரித்துக்கொள்வது நல்லது.

ஐந்தாம் படி: கேட்டில்

விமானம் புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கேட்டுக்கு அருகில் போய் உட்காருங்கள். நான்கு எஸ் இருந்தால், போர்டிங் தொடங்கும்வரை காத்திராமல், மேசையில் இருக்கும் ஊழியரிடம் நீங்களே போய்க் காட்டுங்கள். முதலில் போனவர் முதலில் முடிப்பார். துபாய், தோஹா போன்ற இடங்களில் அமெரிக்க விமானத்தின் கேட் தனியாகத் தடுக்கப்பட்டிருக்கும். உள்ளே போன பிறகு வெளியே வந்தால் மறுபடி முதலிலிருந்து சோதிப்பார்கள் என்பதால், கழிவறைக்குப் போவதையும் சாப்பிடுவதையும் முன்பே முடித்துவிடுங்கள். சோதனைக்குப் பிந்தைய கடையில் வாங்கிய தண்ணீர்ப் புட்டியைக்கூட அங்கே வைத்துவிட்டுப் போகச் சொல்வது உண்டு. வரியில்லாக் கடையில் வாங்கிய திரவப் பொருளாக இருந்தால், ரசீதோடு ஒட்டிய பையைப் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

முதலில் கேள்விகள் வரும். பையை யார் அடுக்கினார்கள், அடுக்கிய பின் அது யார் கண்காணிப்பில் இருந்தது, வேறு யாராவது எதையாவது கொடுத்தார்களா, எங்கே போகிறீர்கள், யார் வீட்டில் தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள். குறுகிய, உண்மையான பதில் போதும். அக்கம்பக்கத்தார் கொடுத்த சிப்ஸ் பையில் இருந்தால், ஆம், கொடுத்தார்கள், நான் பிரித்துப் பார்த்தேன் என்று சொல்லுங்கள். இல்லை என்று பொய் சொல்லிவிட்டு, பையிலிருந்து வேறொருவர் பெயர் எழுதிய பொதி வெளியே வந்தால் நிலைமை கெட்டுவிடும். விளையாட்டுப் பேச்சு ஒரு சொல்லும் கூடாது. 2024 ஆகஸ்டில் கொச்சி விமான நிலையத்தில், என் பையில் வெடிகுண்டா இருக்கிறது என்று கேட்ட பயணி ஒருவர் பயணம் தடைப்பட்டுக் கைதானார்.

பிறகு பொருள்களை மேசையில் வைக்கச் சொல்வார்கள். மடிக்கணினி, கைபேசி, கேமரா, சார்ஜர் ஆகியவை ஒரே உறையில் மேலாக இருந்தால் இது இரண்டு நிமிட வேலை. காலணி, இடுப்புப் பட்டை, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்ற வேண்டியிருக்கும். பெண்களிடம் நான் வலியுறுத்திச் சொல்வது நகைகளைப் பற்றி: தாலிச் சங்கிலியைக் கழற்றத் தேவையில்லை, கையால் சோதிக்கும்போது பெண் ஊழியரிடம் காட்டினால் போதும், மற்ற வளையல், மாலைகளை முன்பே ஒரு சிறு சுருக்குப் பையில் போட்டு, கைப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். தட்டில் உதிரியாகப் போட்ட மோதிரம் மேசையின் நெரிசலில் தவறிப்போனால், விமானத்தில் ஏறிய பிறகுதான் நினைவு வரும்.

உடலைத் தொட்டுச் சோதிப்பவர் உங்கள் பாலினத்தவராகவே இருப்பார். திரைக்குப் பின்னால் தனியாகச் சோதிக்கும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வயதானவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளக் கேட்கலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், முட்டியில் உலோக மூட்டு வைத்தவர்கள், தொடங்குவதற்கு முன்பே சொல்லி, மருத்துவமனை கொடுத்த அட்டையைக் காட்ட வேண்டும். சக்கர நாற்காலியில் போகிறவர்களை உதவியாளர் வேறு வழியில் அழைத்துப்போவதால், குடும்பத்திலிருந்து சிறிது நேரம் பிரிய நேரும். பாஸ்போர்ட், மருந்து, மகனின் கைபேசி எண் எழுதிய தாள் ஆகிய மூன்றும் அவர்கள் கழுத்தில் தொங்கும் சிறு பையிலேயே இருக்கட்டும். தனியாகப் போகும் அம்மாக்களுக்கு அந்தத் தாளில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிக் கொடுங்கள்: எனக்குத் தமிழும் மலையாளமும் தெரியும், பையை நானே அடுக்கினேன், இன்ன ஊரில் மகள் வீட்டில் இத்தனை மாதம் தங்குவேன், எனக்கு இன்ன நோய்க்கு மருந்து இருக்கிறது. அதை நீட்டினால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே முடித்துவிடுவார்கள், அல்லது மலையாளம் தெரிந்த ஒருவரை அழைத்துவிடுவார்கள். வளைகுடா நிலையங்களில் அப்படி ஒருவர் பக்கத்திலேயே இருப்பார்.

முடிந்ததும் போர்டிங் பாஸில் முத்திரையிடுவார்கள் அல்லது கையெழுத்திடுவார்கள். அது விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் நகராதீர்கள். அது இல்லாமல் வாசலில் திருப்பி அனுப்புவார்கள். பொருள்களை எண்ணி எடுத்துப் பையில் வைத்த பிறகே நடங்கள். அம்மாவின் சோதனை முடிந்த அவசரத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடியை நாங்கள் மேசையிலேயே விட்டுவிட்டோம். இருக்கையில் அமர்ந்து ஜெபப் புத்தகத்தை விரித்தபோதுதான் தெரிந்தது.

ஆறாம் படி: ஒவ்வொரு முறையும் வந்தால்

ஒருமுறை நான்கு எஸ் வந்தால் அதை மறந்துவிடலாம். இரண்டு, மூன்று பயணங்களில் தொடர்ந்து வந்தால், பெயர் வேறு யாருடையதோடோ குழம்புகிறது என்று எடுத்துக்கொண்டு, அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் டிரிப் என்னும் குறைதீர்ப்புத் திட்டத்தில் இணையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை. பாஸ்போர்ட்டின் நகலை இணைத்து, எந்தத் தேதியில் எந்த விமானத்தில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். பழைய போர்டிங் பாஸ்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இங்கே உதவும். விண்ணப்பித்தவுடன் ஏழு இலக்கங்கள் கொண்ட ரிட்ரஸ் எண் ஒன்று தருவார்கள். விசாரணை முடிந்து கடிதம் வந்த பிறகு, அமெரிக்காவுக்கு எடுக்கும் ஒவ்வொரு பயணச்சீட்டிலும் அந்த எண்ணைக் கொடுங்கள். பயண முகவரிடம் சீட்டு எடுப்பவர்கள், பெயரும் பிறந்த தேதியும் சொல்லும்போதே இதையும் சொல்ல வேண்டும். சீட்டு அச்சான பிறகு நினைவு வந்தாலும், புறப்படுவதற்கு மூன்று நாள் முன்புவரை விமான நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.